கடலோரத்தாரைக் கேளாமல் கடல் ஒப்பந்தமா?

பாக்கு நீரிணையின் மீன்பிடித் தகராறு தீர்ந்தபாடில்லை. கொழும்பிலிருந்து ஒரு மந்திரி புது டில்லிக்குப் போகின்றார். புது டில்லியிலிருந்து ஒருவர் கொழும்புக்கு வருகின்றார். பிரச்சினையை மனிதாபிமான முறையில் அணுகுவதென்று கூட்டறிக்கை வெளியாகின்றது. அறிக்கையின் மை உலருமுன்னரே நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் அப்பால் இழுவைப் படகுகளின் விளக்குகள் தெரிகின்றன. திங்கள், புதன், சனி இரவுகளில் வலையை வீட்டில் வைத்துவிட்டுக் கரையில் காத்திருப்பது வடபகுதி மீனவனின் வழக்கமாகிவிட்டது.

இது கரையோர மக்களின் பாடு, நமக்கென்ன என்று கமக்காரரும் உத்தியோகத்தரும் இருந்துவிடலாகாது. ஒரு மக்களின் நிலத்தையும் நீரையும் பற்றி அம்மக்களைக் கேளாமல் பிறர் முடிவு செய்யலாமா என்பதே இங்கு எழும் கேள்வி. இன்று கடலுக்குச் சொல்லப்படும் விடை நாளைக்கு வயலுக்கும் குளத்துக்கும் சொல்லப்படும்.

இக்கேள்வி உலகத்துக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியாவும் பிரான்சும் அமெரிக்காவும் இதே கேள்வியோடு பல்லாண்டு மல்லாடின. மீன்பிடி உடன்படிக்கை, நாட்டின் பாதுகாப்பு, தேர்தல் ஆரவாரம் ஆகிய மூன்றும் அன்றும் ஒன்றாகவே கலந்திருந்தன. அவர்கள் பட்டறிந்து கற்ற பாடங்களை நாம் படித்தறிந்துகொள்வது நன்று.

ஒரு சிறு தீவின் மறுப்பு

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடுத்துள்ளது நியூபவுண்ட்லாந்துத் தீவு. நமக்கு நெல் எப்படியோ அத்தீவாருக்குக் கொட் மீன் அப்படி. 1713ஆம் ஆண்டின் உத்றெக்ற் உடன்படிக்கை அத்தீவைப் பிரித்தானியாவுக்குக் கொடுத்தது. ஆயினும் கரையின் ஒரு பகுதியில் மீன் பிடிக்கவும் அதைக் கரையிலே காயவைக்கவும் பிரான்சுக்கு உரிமை விட்டுவைத்தது. இந்த மீன்பிடிக்குப் பிரான்ஸ் தன் திறைசேரியிலிருந்து உதவிப்பணம் வழங்கி வந்தது. பனியிலும் புயலிலும் பழகிய மீனவனே போர் வரும்போது கடற்படைக்கு ஆளாவான் என்பது பாரிஸின் கணக்கு. மீன்பிடித் தொழில் கடற்படையின் நாற்றுமேடை என்பது அக்கால அரசியல்வாதிகளின் வேதவாக்காக இருந்தது.

1857ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனும் பாரிஸும் புதிய உடன்படிக்கை ஒன்று செய்தன. பிரெஞ்சு மீனவரின் உரிமைகள் விரிவாக்கப்பட்டன. கிரைமியப் போரில் தோளோடு தோள் நின்ற இரு வல்லரசுகளின் நட்புக்கு ஓர் ஏழைத் தீவின் கரை விலையாக வைக்கப்பட்டது. அன்று நியூபவுண்ட்லாந்தில் ஏறக்குறைய ஒன்றேகால் இலட்சம் மக்களே வாழ்ந்தனர். பொறுப்பாட்சி கிடைத்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. எனினும் அதன் சட்டசபை உறுதியாக மறுத்தது. அயலிலிருந்த குடியேற்ற நாடுகளுக்குத் தூதுவரை அனுப்பி ஆதரவு திரட்டியது.

லண்டன் பணிந்தது. 1857 மார்ச் 26ஆம் நாள் குடியேற்ற நாடுகளுக்கான மந்திரி ஹென்றி லபுஷேர் அத்தீவின் ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதினார். நியூபவுண்ட்லாந்து மக்களின் நில உரிமையையோ கடல் உரிமையையோ மாற்றுவதாயின், அம்மக்களின் சம்மதத்தை முன்கூட்டியே பெறுவது இன்றியமையாதது என்பதே கடிதத்தின் சாரம். உடன்படிக்கை கைவிடப்பட்டது. அக்கடிதத்தை அத்தீவார் தமது உரிமைச் சாசனமாகப் போற்றினர்.

லபுஷேர் யாருடைய சம்மதத்தைக் கேட்டார் என்பதைச் சட்டம் பயின்றோர் கவனிக்க வேண்டும். லண்டன் பாராளுமன்றத்தின் சம்மதம் போதும் என்று அவர் சொல்லவில்லை. பேரரசின் பெரும்பான்மையோர் ஒப்பினால் போதும் என்றும் சொல்லவில்லை. உரிமை யாருடையதோ அவருடைய சம்மதமே வேண்டும் என்றார்.

நாற்றுமேடையும் தேர்தல் மேடையும்

அதே கடலில் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வேறொரு வழக்கு இருந்தது. 1818ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, குறித்த சில கரைகள் நீங்கலாக, பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் மீன் பிடிக்கும் உரிமையை அமெரிக்கர் விட்டுக்கொடுத்தனர். புயலுக்கு ஒதுங்குதல், சேதத்தைப் பழுது பார்த்தல், விறகு வாங்குதல், தண்ணீர் பெறுதல் ஆகிய நான்கு காரியங்களுக்கு மட்டும் அவர்கள் துறைமுகத்துள் நுழையலாம் என்றாயிற்று.

1871ஆம் ஆண்டின் வாஷிங்ரன் உடன்படிக்கை மூடிய கதவை மீண்டும் திறந்தது. திறந்ததற்கு என்ன விலை என்பதை மதிப்பிட ஹலிபாக்ஸ் நகரில் ஓர் ஆணைக்குழு அமர்ந்தது. இரு தரப்பும் மீனவரைச் சாட்சிகளாக அழைத்தன. நூற்றுக்கணக்கான சத்தியக் கடதாசிகள் முன்வைக்கப்பட்டன. அமெரிக்கா 55 இலட்சம் டொலர் செலுத்த வேண்டுமென 1877இல் தீர்ப்பாயிற்று. அமெரிக்கா முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டியது. 1885இல் மீன்பிடி பற்றிய உறுப்புரைகளை முடிவுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டிலேயே ‘டேவிட் ஜே. அடம்ஸ்’ முதலிய அமெரிக்கப் படகுகளைக் கனடா கைப்பற்றியது. அமெரிக்கக் காங்கிரஸ் 1887இல் பதிலடிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது.

இந்நிலையில், 1888 பெப்ரவரி 15ஆம் நாள் சமரச உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று. ஆனால் அது அமெரிக்க சனாதிபதித் தேர்தல் நடந்த ஆண்டு. சனாதிபதி கிளீவ்லன்ட் செய்த உடன்படிக்கையைச் செனற் சபையில் எதிர்க்கட்சியினர் கிழித்தெறிந்தனர். மசசூசெற்ஸைச் சேர்ந்த ஹோர், மெயினைச் சேர்ந்த பிறை ஆகிய செனற்றர்கள் முன்னணியில் நின்றனர். மீனவரைக் கைவிடுவது கடற்படையின் நாற்றுமேடையை அழிப்பதாகும், நாட்டின் கௌரவத்தை விற்பதாகும் என்ற முழக்கம் எழுந்தது. ஓகஸ்ட் 21ஆம் நாள் 27க்கு எதிராக 30 வாக்குகளால் உடன்படிக்கை தோற்றது. உறுப்பினர் கட்சி வாரியாகவே வாக்களித்தனர். இரண்டு நாள் கழித்து, தானும் இளைத்தவனல்லன் என்று காட்டக் கிளீவ்லன்ட் கனடாவுக்கு எதிரான பதிலடி அதிகாரங்களைக் காங்கிரஸிடம் கேட்டார். நவம்பரில் அவர் தேர்தலில் தோற்றார்.

நாற்றுமேடையைப் பற்றி இத்தனை உரத்துப் பேசியவர்கள் ஓர் உண்மையைப் பெரிதாகப் பேசவில்லை. குளொஸ்ரர் துறையிலிருந்து புறப்பட்ட அமெரிக்கப் படகுகளில் தொழில் செய்தவருள் பலர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலே பிறந்தவர்கள். எல்லையின் இரு புறத்திலும் உழைத்தவன் ஒருவனே. அவன் பெயரால் சண்டையிட்டவர்கள் வேறு. முடிவில் நடந்தது என்ன? முழக்கம் ஓய்ந்தபின், தொன்னுக்கு ஒன்றரை டொலர் கட்டி அனுமதிப்பத்திரம் பெறும் தற்காலிக ஏற்பாடு ஒன்று ஆண்டுக்கணக்காக நீடித்தது. வழக்கு 1910இல் ஹேக் நகர நடுவர் மன்றத்தின் முன்னேதான் தீர்ந்தது.

சாட்சியாக வந்த மன்னார்க் கடல்

இவ்விவாதங்களில் நமது கடலும் ஒருமுறை சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது என்பதை நம்மவருள் பலர் அறியார். அலஸ்காவை அடுத்த பெரிங் கடலில் 3 மைலுக்கு வெளியேயும் கடல்நாய்கள் தனக்கே உரியவை என்று அமெரிக்கா வாதித்தது. பிரித்தானியா மறுத்தது. 1893இல் பாரிஸில் நடுவர் மன்றம் கூடியபோது, அமெரிக்க வழக்கறிஞர்கள் இலங்கையின் முத்துப் பார்களைச் சுட்டிக்காட்டினர். 1811ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்றினால், கரையிலிருந்து 6 மைல் முதல் 21 மைல் வரை கிடக்கும் மன்னார்ப் பார்களைச் சுற்றித் திரியும் படகுகளைப் பறிமுதல் செய்யப் பிரித்தானியா அதிகாரம் எடுத்துக்கொண்டதே, அந்த நியாயம் எமக்கு இல்லையா என்று கேட்டனர். மன்னார்ப் பார்கள் தொன்றுதொட்டு இடைவிடாது அனுபவிக்கப்பட்டு வந்த கடலடி நிலம். நீந்தித் திரியும் விலங்கு அப்படியன்று என்பது பிரித்தானியாவின் மறுமொழி.

தொன்றுதொட்டு அனுபவித்தவர் யார்? மன்னாரிலும் தூத்துக்குடியிலும் கீழக்கரையிலுமிருந்து வந்து மூச்சடக்கிக் குளித்த நம் முன்னோரே. அவர்களுடைய அனுபோகம் லண்டனுக்குச் சான்றாகப் பயன்பட்டது. அவர்களை யாரும் அழைத்துக் கேட்கவில்லை.

பாரிஸ் தீர்ப்பில் இன்னொரு பாடமும் உண்டு. 1893 ஓகஸ்ட் 15ஆம் நாள் வெளியான அத்தீர்ப்பு, 3 மைலுக்கு அப்பால் அமெரிக்காவுக்குத் தனியுரிமை இல்லை என்றது. ஆனால் அத்துடன் நிற்கவில்லை. கடல்நாய்கள் ஈனும் தீவுகளைச் சுற்றி 60 மைலுக்குள் வேட்டையைத் தடுத்தது. அதற்கு அப்பாலும் மே முதல் ஜூலை வரை விலக்குக் காலம் விதித்தது. அவ்வேட்டையில் வலையையும் வெடிபொருளையும் விலக்கியது. உடைமை யாருடையது என்பது ஒரு வழக்கு. வளத்தை வேரோடு அழிக்கும் கருவியை எவனும் பயன்படுத்தலாமா என்பது வேறு வழக்கு. முன்னதில் தோற்றவனும் பின்னதில் வெல்லலாம் என்பதை அத்தீர்ப்பு காட்டியது.

1974உம் 1976உம்

இனி நமது நீரிணைக்கு வருவோம். 1921 ஒக்ரோபரில் சென்னை அரசாங்கத்தின் பிரதிநிதிகளும் இலங்கை அரசாங்கத்தின் பிரதிநிதிகளும் கொழும்பில் கூடி மீன்பிடி எல்லை பற்றி ஆராய்ந்தனர். கச்சதீவுக்கு மேற்கே 3 மைல் தள்ளி ஒரு கோடு பேசப்பட்டது; அது உறுதிப்படுத்தப்படவில்லை. 1974 ஜூன் 26ஆம் நாளும் 28ஆம் நாளும் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையினால், ஏறக்குறைய 285 ஏக்கர் கொண்ட கச்சதீவு இலங்கையின் எல்லைக்குள் வந்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் வழமைபோல் கச்சதீவுக்கு வந்து போகலாம் என்று 5ஆம் உறுப்புரை கூறியது. இரு நாட்டுப் படகுகளும் மற்ற நாட்டு நீரில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கலாம் என்று 6ஆம் உறுப்புரை கூறியது. 1976 மார்ச் 23ஆம் நாள் பரிமாறப்பட்ட கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டு நீரில் மீன் பிடிக்கலாகாது என்றன. ஒரு கையால் கொடுத்தது போலவும் மறு கையால் எடுத்தது போலவும் தோன்றும் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இரு கரையினரும் அன்றுமுதல் வாதாடி வருகின்றனர்.

கீறப்பட்ட கோடு வடபகுதி மீனவனுக்குப் பாதகமானதன்று என்பதை நாம் ஒப்புகின்றோம். குறை கோட்டிலன்று, கோடு கீறப்பட்ட முறையிலேயே உள்ளது. தமிழ்நாட்டுச் சட்டசபை 1974 ஓகஸ்டிலேயே தீர்மானம் நிறைவேற்றித் தன் மறுப்பைப் பதிவு செய்தது. இக்கரையிலோ யாழ்ப்பாணத்தானையும் மன்னாரானையும் கேட்பதற்கு ஒரு சபையே இருக்கவில்லை. இரு கரையிலும் உழைப்பவனைச் சேர்க்காமல் செய்த ஏற்பாட்டை இரு கரையிலும் எவனும் தன்னுடையதாகக் கருதவில்லை.

2024இல் இந்தியப் பொதுத் தேர்தல் நெருங்கியபோது கச்சதீவு மீண்டும் தேர்தல் மேடையில் ஏறியது. யார் விட்டுக்கொடுத்தார் என்று கட்சிகள் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. 1888இல் வாஷிங்ரனில் நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதியதாகத் தோன்றியிராது. அந்த வாதப் பிரதிவாதங்களில், நெடுந்தீவு மீனவனின் அறுந்த வலையைப் பற்றி எவரும் மூச்சு விடவில்லை.

பாதுகாப்பு எவருக்கு?

19ஆம் நூற்றாண்டின் வல்லரசுகள் மீனவனைப் பயன்படுத்தினாலும், நாட்டின் காவலன் என்றாவது புகழ்ந்தன. நம் மீனவனுக்கு அந்தப் புகழும் வாய்க்கவில்லை. 1980களிலிருந்து 2009 வரை, தேசிய பாதுகாப்பு என்ற சொல் அவனுக்கு எதிராகவே பிரயோகிக்கப்பட்டது. கடல் வலயத் தடை, இரவுத் தொழில் தடை, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு, அனுமதி அட்டை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமத்தப்பட்டன. வடபகுதியின் பெருந்துறைகளுள் ஒன்றான மயிலிட்டியிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த மக்களுக்கு அத்துறை 2017 ஜூலையிலேதான் திறக்கப்பட்டது. 27 ஆண்டுகள்! ஒரு தலைமுறை கடலைத் தொலைவிலிருந்து பார்த்தே வளர்ந்தது.

அவன் கடலில் இல்லாத அந்த ஆண்டுகளில் அயற்கரையின் இழுவைப் படகுகள் பெருகின. போர் முடிந்து வள்ளத்தை இறக்கியவனுக்கு எஞ்சியிருந்தது வாரிச் சுரண்டப்பட்ட கடலடி. இழுவைமடி மீனை மட்டும் அள்ளுவதில்லை. குஞ்சையும் முட்டையையும் அவை வாழும் பாசியையும் சேர்த்து வழித்தெடுக்கின்றது. விதைநெல்லையும் மேல்மண்ணையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும் அறுவடையைக் கமக்காரன் அறுவடை என்பானா? கொள்ளை என்பான்.

இரு கரையிலும் உயிர்கள் போயின. 2021 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அப்பால், கடற்படையின் நடவடிக்கையின்போது இந்தியப் படகொன்று மூழ்கி நால்வர் மாண்டனர். அவருள் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழத் தமிழ் அகதி. 2022 ஜனவரியில் வடமராட்சி கிழக்கு வத்திராயனிலிருந்து தொழிலுக்குச் சென்ற இருவர் பிணமாகவே கரை சேர்ந்தனர். இந்திய இழுவைப் படகு மோதியதே காரணம் என்று மீனவர் வீதியை மறித்தனர். 2024 ஜூனில் இழுவைப் படகொன்றைப் பிடிக்கச் சென்ற இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் கச்சதீவுக்கருகே இந்திய மீனவர் ஒருவர் மாண்டார். பாதுகாப்பு என்று பெயரிட்டு நடத்தப்படும் காரியம் எவரையும் பாதுகாக்கவில்லை. கூலிக்கும் பங்குக்கும் படகேறிய ஏழை சிறைக்குப் போகின்றான். படகின் உடைமையாளன் கரையிலே இருக்கின்றான்.

நாம் கேட்பது

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இழுவைமடித் தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் தடை செய்தது. அத்தொழிலைக் கூடிய விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதை நோக்கிச் செல்வதென்று இரு அரசுகளும் 2016 நவம்பரில் புது டில்லியில் இணங்கின. பாக்கு நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று ஆண்டுகளில் ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டத்தை இந்தியா 2017இல் தொடங்கியது. இலக்கின் ஒரு சிறு பகுதியே நிறைவேறியது. 2010இல் இரு கரை மீனவரும் நேருக்கு நேர் அமர்ந்து, ஓராண்டில் இழுவைமடியை நிறுத்துவதென்று தமக்குள் பேசி முடித்தனர். அந்த இணக்கத்தை நடைமுறைப்படுத்த இரு அரசுகளும் முன்வரவில்லை. சம்மதம் கிடைத்த இடத்தில் அதிகாரம் வரவில்லை. அதிகாரம் பேசிய இடத்தில் சம்மதம் கேட்கப்படவில்லை.

எனவே நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, வடகடல் பற்றிய எந்த ஏற்பாடும் வடபகுதி மீனவரின் முன்சம்மதமின்றிச் செய்யப்படலாகாது. இந்தியப் படகுகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் யோசனை 2023இன் தொடக்கத்தில் பேசப்பட்டபோது யாழ்ப்பாணத்து மீனவர் வீதியில் இறங்கியே தம் கருத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அவற்றின் சமாசங்களுக்கும் பேச்சுவார்த்தை மேசையில் ஆசனம் வேண்டும். ஆட்புல நீருக்கு உட்பட்ட மீன்பிடி, 13ஆம் திருத்தத்தின் ஒருங்கியை நிரலில் உள்ள விடயம். வட மாகாணசபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் தேர்தலை ஆண்டுக்கணக்காகப் பிற்போட்டவர்கள், மக்களின் சம்மதத்தைக் கேட்கும் வாயிலையே அடைத்தவர்களாவர்.

இரண்டாவது, வழக்கு கருவிக்கு எதிராக நடக்கட்டும், ஏழைக்கு எதிராக அன்று. படகின் உடைமையாளனையும் முதலையும் சட்டம் தொடரட்டும். புயலுக்கு ஒதுங்கவும், பழுது பார்க்கவும், தண்ணீர் கேட்கவும் வருபவனை 1818இல் பகை நாடுகளே அனுமதித்தன. ஒரே மொழி பேசும் இரு கரைகள் அதற்கும் குறைந்த பண்போடு நடக்கலாகாது. கடலில் துப்பாக்கி நீதிபதியாகலாகாது.

மூன்றாவது, நம் வீட்டையும் நாம் துப்புரவு செய்ய வேண்டும். நம் கரையிலும் இழுவைமடித் தொழில் செய்வோர் உளர். அயலவன் மடியைக் கொள்ளை என்று சொல்லி, நம்மவன் மடியைப் பிழைப்பு என்று சொன்னால், எந்த நியாயசபையிலும் நம் வழக்கு நிலைக்காது. அவர்களுக்கு மாற்றுத் தொழிலும் அதற்குரிய முதலும் அரசு கொடுக்கட்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். தமிழ்நாட்டுச் சகோதரருக்கும் இதையே சொல்கின்றோம். நம் துயரத்தில் பங்கு கொண்டவர்கள் நீங்கள். அந்த உறவை நாம் மறக்கவில்லை. ஆனால் தம்பியின் வளவில் மண்ணை வெட்டிக்கொண்டு அண்ணன் உறவு கொண்டாட முடியாது.

நான்காவது, இழப்புக்குக் கணக்கு வேண்டும். ஹலிபாக்ஸில் செய்ததுபோல இரு நாடுகளும் ஏற்கும் ஓர் ஆணைக்குழு, அறுந்த வலைக்கும் அழிந்த கடலடிக்கும் விலை மதிப்பிடட்டும்.

இந்த நான்காவது காரியத்தில் அரசைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த இரவில், எந்த இடத்தில், எத்தனை வலை போயிற்று, அதற்கு எவ்வளவு கடன் பட்டிருந்தது என்பதை ஒவ்வொரு சங்கமும் இன்றே எழுதி வைக்கலாம். எழுதியதைச் சத்தியக் கடதாசியாக்கிக் கொடுப்பது யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகளுக்கு ஒரு மாலைப்பொழுது வேலை. கட்டணம் வாங்காமல் அவர்கள் அதைச் செய்ய வேண்டும். ஆசிரியரும் எழுதுவினைஞரும் சங்கப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கலாம். கமக்காரர் சங்கங்கள் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து ஒரே தீர்மானத்தை நிறைவேற்றி இரு தலைநகரங்களுக்கும் அனுப்பலாம்.

ஒன்றேகால் இலட்சம் பேர் கொண்ட பனித்தீவு ஒன்று 1857இல் இரு பேரரசுகளை நிறுத்தி வைத்தது. அதற்குப் படை இருக்கவில்லை. ஒரு சபையும், அச்சபையில் ஒருமித்த ஒரு குரலும் இருந்தன. சபையைக் கேட்டுப் போராடுவோம். குரலை ஒன்றாக்குவது நம் கையிலேயே இருக்கின்றது.